பழுப்புப் புள்ளிகள்

"அது என் வயித்துலேர்ந்து எடுத்தது. உங்க வயித்துலேர்ந்து இல்ல!"

"அக்கா, மெதுவா. படிக்கட்டுல நின்னு பேசற விஷயமா இது?"

"அப்ப உக்காந்தே பேசலாம், வாங்க, ஸ்டூல் போடறேன். போன வாரம் கேட்டா வேலை இருக்குன்னீங்க. அதுக்கு முந்தி, உங்க டாக்டரையே கேளுங்கன்னீங்க. அவரைக் கேட்டா 'பார்க்கலாம், பார்க்கலாம்'கறாரு. வெட்டினவரு பார்த்தாச்சு, நீங்க பார்த்தாச்சு, உங்ககிட்ட வேலை பார்க்கற பிள்ளைங்கல்லாம் பார்த்தாச்சு. சொமந்தவளுக்கு மட்டும் காட்ட மாட்டீங்களா?"

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நடந்த இந்தச் சண்டைக்கு அந்தக் கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்தது. யார் வீட்டிலும் குழாய் ஓடவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? கதவுகளெல்லாம் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தன. காற்றுக்காகத்தான்.

கத்தியவள் தரைத்தளத்துத் தையல்காரி. ஊசியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் தொழிலால் வந்ததா நாக்கால் வந்ததா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. சினைப்பையில் புற்று என்று சொல்லி அவள் வயிற்றைத் திறந்து, எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்து மூடியிருந்தார்கள். மருந்து ஏற்றுவது பாதி முடிந்திருந்தது. முடி கொட்டிய தலையில் ஒரு துணியைக் கட்டியிருந்தாள்; அதன் நான்கு ஓரத்தையும் மடித்துத் தைத்திருந்தாள். சாகப் போகிறவளானாலும் ஓரம் பிரிந்து நிற்கக் கூடாது என்பது அவள் கட்சி.

மாட்டிக்கொண்டவள் மூன்றாவது மாடி டாக்டர். நாற்பதைத் தொட்டவள், தனியாள். ஏன் தனியாள் என்பதைக் கட்டடம் வெகு நாள் ஆராய்ந்து, ஒன்றும் கிடைக்காமல் கைவிட்டிருந்தது. நோயாளியின் நாடியை அவள் பிடித்து யாரும் பார்த்ததில்லை. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையைச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அதில் என்ன நோய், எவ்வளவு முற்றியது என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது அவள் வேலை. கண்ணாடி பார்க்கிற டாக்டர் என்று யாரோ சொல்லப்போக, குடிவந்த புதிதில் கீழ்வீட்டுக் கிழவர்களெல்லாம் படிக்க முடியாத பேப்பரைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மாடியேறினார்கள். அவள் பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை.

ஊசியக்கா பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதற்கு ஆசையோ அறிவுத்தாகமோ காரணம் இல்லை. காரணம் அவள் மகள்.

மகளுக்கு ரயில் ஓட்டும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு பகல் முழுக்கப் பயணம் போகவேண்டிய ஊரில், இரண்டு வருடம் தங்கிக் கற்க வேண்டும். பெண்பிள்ளை, எஞ்சின், அவ்வளவு பெரிய இரும்பு; கட்டடம் வாயைப் பிளந்தது. அதே சமயத்தில் முதல்மாடி மருந்துக்கடைக்காரரின் வீட்டிலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். பையன் தங்கம். ஒரே குறை, எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். கடைக்கு வருகிறவர் "தலைவலிக்கு இதுவா?" என்றாலும் ஆட்டுவான், "வயித்துவலிக்கா?" என்றாலும் ஆட்டுவான். நல்ல வேளையாக மருந்தை எடுத்துக் கொடுப்பது அப்பா.

ஊசியக்காவின் கணக்கு எளிது. நாள் இருக்கிறதென்றால் மகள் ரயிலோட்டப் போகட்டும். நாள் இல்லையென்றால், கண்மூடுவதற்குள் அவளை ஒரு வீட்டில் பொருத்திவிட வேண்டும். அப்பனை நம்பி விட முடியாது, அவர் வாயில்லாப் பூச்சி. ஆகவே அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு நாள்? அதை ஒருவரும் சொல்ல மாட்டேனென்கிறார்கள். சரி, சொல்ல வேண்டாம், காட்டுங்கள் போதும் என்று இறங்கிவிட்டாள். ஒரு துணியைக் கையில் கொடுத்தால் அது எத்தனை சலவை தாங்கும் என்று கண்ணால் பார்த்தே சொல்லுகிறவள் அவள். பிசகியதில்லை. ஊரார் துணிக்கு நாள் குறிக்கத் தெரிந்தவளுக்குத் தன் சதைக்குக் குறிக்கத் தெரியாதா?

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள் டாக்டர் கடைசியில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து. "காட்டறேன். ஆனா எவ்வளவு நாள்னு கேக்கக் கூடாது."

"சேச்சே. நான் ஏன் கேக்கறேன்?"

அது பொய் என்று எல்லாக் கதவுக்கும் தெரிந்தது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது அந்த இடம். மூக்கைக் குத்தும் மருந்து வாடை, கண்ணில் நீர் கட்டியது. ஆனால் முதல் அறையிலேயே ஊசியக்கா நின்றுவிட்டாள். அங்கே ஒருத்தி மெழுகுக் கட்டியில் புதைத்த சதைத்துண்டை ஒரு பொறியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இழை நாடா போலச் சுருண்டு வந்தது. அதைத் தூரிகை நுனியால் தூக்கி வெந்நீரில் மிதக்கவிட்டாள். சுருக்கமெல்லாம் தானே விரிந்தது. அடியில் கண்ணாடியை விட்டு, ஈரத்துணியை ஏந்துவதுபோல ஏந்தி எடுத்தாள். பட்டோ மஸ்லினோ கிட்டே வர முடியாத மெல்லிசு. இதை எந்த ஊசியாலும் தைக்க முடியாதே என்று ஊசியக்காவுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தில் வந்த காரியம் கொஞ்ச நேரம் மறந்தே போனது.

டாக்டரின் அறையில் எதிரெதிராக உட்கார்ந்து இரண்டு பேர் ஒரே தகட்டைப் பார்க்கும் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. டாக்டர் தகட்டை வைத்து, திருகிச் சரிசெய்து, "இதுதான் உங்களோடது" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்வதற்குள் சுவரிலிருந்த போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டர். அங்கே ஒரு பெண் வயிறு திறந்தபடி மயக்கத்தில் கிடக்கிறாள். வெட்டிய துண்டு வருகிறது. அது கெட்டதா இல்லையா என்று இவள் உறையவைத்துப் பார்த்துச் சொன்னால்தான் மேற்கொண்டு கத்தியை எங்கே வைப்பது என்று தெரியும். அதுவரை அறுவை டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இந்த வேலையில் "அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்பதற்கு இடமில்லை.

"தொடாம பார்த்துட்டே இருங்கக்கா. வந்து சொல்றேன்" என்று டாக்டர் ஓடினாள்.

ஊசியக்கா குனிந்தாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு வெளிச்ச வட்டம். அதற்குள் ஒரு தேசம்.

வெளிர்நீலம், விடியற்காலை வானத்தின் நீலம். அதில் கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, பெரணி இலை போல விரிந்துகொண்டே போனது ஏதோ ஒன்று. ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் நெருக்கமாகத் தைத்த பூவேலை போல வளைவுகள். தனக்குள் இப்படியொரு வேலைப்பாடா! எந்தக் கல்யாணச் சட்டையிலும் இந்த லேஸை அவள் வைத்ததில்லை. நாற்பத்தெட்டு வயதுவரை தன் வயிறு சோறு போடுகிற பை என்றுதான் நினைத்திருந்தாள்.

அப்புறம்தான் புள்ளிகள் கண்ணில் பட்டன.

பழுப்பு. அந்த நீலம் முழுக்க, இலைக்குள்ளே, பூவேலைக்குள்ளே, இண்டு இடுக்கெல்லாம் பழுப்புப் புள்ளிகள். ஒரு மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைத்த திரைத்துணி நினைவுக்கு வந்தது. எடுத்து உதறியபோது உள்மடிப்பெல்லாம் பூஞ்சை பூத்து இதே பழுப்பு. ஓரத்தில் இருந்தால் ஓரத்தை வெட்டிவிட்டுத் தைக்கலாம். நடுத்துணியில் இறங்கிவிட்டால் அது கால்மிதிக்குத்தான் ஆகும். இன்னும் ஒன்று. இந்தப் புள்ளிக்கு வேண்டுமென்றே சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் அவளுக்குப் புரிந்தது. அவளும் அப்படித்தானே செய்கிறாள்? எந்த இடம் ஆகாதோ, எதை வெட்ட வேண்டுமோ, அங்கேதான் சாக்குக்கட்டியால் குறி போடுவது. நன்றாக இருக்கும் துணிக்கு யார் குறி போடுவார்கள்?

மறுபடி ஒருமுறை பார்த்தாள். இலை எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் புள்ளியும் போயிருந்தது.

அவள் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பக்கத்து அறைக் கண்ணாடிக்குப் பின்னால் டாக்டரின் குனிந்த முதுகு தெரிந்தது. கூப்பிடவில்லை. திரும்பி வந்து காலி நாற்காலியைப் பார்த்த டாக்டரும், வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், கேட்கக் கூடாத கேள்வியிலிருந்து தப்பித்தோம் என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது அவளுக்கு.

ஊசியக்கா வீட்டுக்குப் போகவில்லை, நேரே முதல்மாடி ஏறினாள். பெண் கேட்டீங்களே, எங்களுக்குச் சம்மதம், ஆனா இந்த மாசமே முடிக்கணும் என்றாள். என்ன அவசரம் என்று பையனின் அம்மா கேட்டதும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என் கண்ணாலயே பார்த்துட்டேன். எடம் பாக்கியில்ல, எல்லாத்துலயும் எறங்கிடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அந்த அம்மாள் வாக்குத் தவறாதவள். யாரிடமும் பொதுவாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, ரகசியமாகத்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் கட்டடத்தில் ஊசியக்காவின் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் தெரிந்தது. பிறகு அந்த வீட்டுக்கும் தெரிந்தது.

மகள் படிக்கட்டில் கேள்விப்பட்டாள். கேள்விப்படுவதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது.

"எனக்குக் கல்யாணம் வேணாம்னு சொன்னேனா இல்லியா?"

"ரயில் எங்கடி போயிடும்? அடுத்த வருஷமும் இருக்கும்."

"ரயில்னா போகும்மா. அதுக்குத்தான் ரயிலு."

"வாய்! இந்த வாய் யாருக்கு வந்துச்சு?"

"நல்லா யோசிச்சுப் பாரு, தெரியும்."

கேள்விப்பட்ட பிறகு சண்டை நடக்கவில்லை. மகள் உள்ளே வந்து, அம்மா வெட்டிக்கொண்டிருந்த துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சரிம்மா" என்றாள். "திங்கக்கிழமை போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடறேன்." அந்த ஒரு 'சரி' ஊசியக்காவை உலுக்கியதுபோல எந்த ஆபரேஷனும் உலுக்கியதில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை எதற்கும் உடனே சரி என்று சொன்னதே கிடையாது. குளியலறையில் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியக்காவின் வீட்டுக்காரர் அழும்போது குழாயைத் திறந்துவிடுவார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று மட்டும் அவரிடம் யாரும் காட்டிக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் படியிறங்கும்போது பையனின் அம்மா வழிமறித்தாள். புடவை நிறத்தையோ தேதியையோ சொல்வதற்கு முன்னால் ரகசியத்தைத்தான் சொன்னாள். "பாவம், எல்லா எடத்துலயும் பழுப்புப் புள்ளியாம். தானே பார்த்துட்டாளாம். நீங்கதானே காட்டினீங்க? எப்படித்தான் மனசு வந்துச்சோ!"

டாக்டர் மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். அவள் ஓடி அந்தக் கட்டடம் பார்த்ததில்லை.

ஊசியக்கா மெஷினில் இருந்தாள். "அக்கா, அன்னிக்கு என்ன பார்த்தீங்க?"

"எதைக் காட்டினீங்களோ அதை."

"பழுப்பா இருந்ததையா? அதைப் பார்த்தா?"

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல டாக்டரம்மா. தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். கழுத்து அளவு எடுக்கணும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

டாக்டர் தள்ளவில்லை. மெஷினின் சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினாள். ஊசியக்காவின் மெஷினை அப்படி நிறுத்தியவர்கள் யாரும் முழுசாக வீடு திரும்பியதில்லை. ஆனால் அன்று அவள் அந்த முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். "கிளம்புங்க" என்றாள் டாக்டர். "உங்க பொண்ணையும் கூப்பிடுங்க. என் தப்பு. கிளம்புங்க."

விடுமுறை நாளின் அடித்தளம் காலியாக இருந்தது. ஒரு பக்கம் அம்மாவை உட்காரவைத்தாள், எதிர்ப்பக்கம் மகளை. தான் நடுவில் நின்று, தகட்டை வைத்து, உள்ளே ஒரு சிறு அம்புக்குறியை நகர்த்தினாள்.

"இந்த நீலம், பெரணி மாதிரி. தெரியுதா? இதுதான் நோய்."

"இதுவா?" ஊசியக்கா கண்ணை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "இவ்வளவு அழகாவா?"

"அது அழகாத்தான் இருக்கும். பழுப்பா இருக்கு பாருங்க, அது நீங்க."

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். ரத்தத்தில் சுற்றுகிற வெள்ளை அணுக்களில் ஒரு சாதி உண்டு. அந்நியமானதையும் கெட்டுப்போனதையும் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துக் கொல்வது அதன் தொழில். கண்ணுக்குத் தப்பாமல் எண்ணுவதற்காக அதற்குத்தான் பழுப்புச் சாயம் ஏற்றுவது. இந்த நோய்க்கு ஆபரேஷன் ஆன பெண்களின் தகடுகளில் அதை எண்ணுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"எல்லார்க்கும் இப்படி இருக்காதா?" என்றாள் மகள், கண்ணை எடுக்காமல்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். பிறகு பெயரில்லாத வேறொரு தகட்டை வைத்தாள். அதே நீலம், அதே இலை. ஆனால் உள்ளே பழுப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெளியே, ஓரத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக நெரிசலாக நின்றன. பூட்டின கதவுக்கு வெளியே நிற்கிற சனம்போல. "வந்திருக்கு. உள்ளே போக முடியல. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியல."

"இந்தப் பொம்பள..." என்று ஆரம்பித்தாள் ஊசியக்கா. டாக்டர் தகட்டை எடுத்துவிட்டாள். அந்த அமைதியில் யாரென்று தெரியாத ஒருத்தி சிறிது நேரம் அவர்களோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

மறுபடி ஊசியக்காவின் தகடு. இப்போது அவள் புள்ளிகளை மட்டும் பார்த்தாள். ஒவ்வொன்றாக. ஒரு புள்ளி, இரண்டு நீல அணுக்களுக்கு நடுவே உடம்பை நெளித்து நுழைந்துகொண்டிருந்தது, இடுக்கு வழியே தோளைச் சாய்த்து நுழைகிறவனைப் போல. அந்த நொடியில் வெட்டியெடுத்ததால், அந்த நொடியிலேயே உறைந்து நின்றது.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டேவிட்டாள்.

"தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. இப்படி உள்ளே போனவங்க பொதுவா அதிக நாள் இருக்காங்க. போகாதவங்களை விட. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தா தெரியுது. ஒரு ஆளா உங்களை நிறுத்திக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. இது நல்ல சேதிதான். வாக்குறுதி இல்ல."

ஊசியக்கா அதைக் கேட்டாளா என்பது சந்தேகம். "யாரு சொல்லி அனுப்பினா?" என்றாள்.

"எதை?"

"இதுங்களை. உள்ளே போன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுங்களா போகும்."

"எப்பலேர்ந்து?"

"உங்களுக்கு நோய் இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடியே போயிருக்கலாம்."

வயிறு உப்பி, வாயு என்று நினைத்துக் கொக்கியைத் தளர்த்தித் தளர்த்தி மாட்டிய மாதங்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. காலர் சரியில்லை என்று வந்தவனோடு மல்லுக்கு நின்ற மத்தியானங்கள், தண்ணீர் மோட்டாருக்காகக் கட்டடத்தோடு போட்ட சண்டைகள். அவள் இங்கே வெளியே நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உள்ளே, வெளிச்சமே இல்லாத இடத்தில், இவை சத்தமில்லாமல் வழி தேடி நுழைந்திருக்கின்றன. பாதிப் போர் நடந்து முடிந்திருக்கிறது. சொந்தக்காரிக்குத் தகவலே இல்லை. தன்னிடம் தைரியமென்று ஒன்று இருந்தால் அது வாய்தான் என்று நினைத்திருந்தவள் அவள். தன் கையைத் தூக்கி, புறங்கையைத் திருப்பி, யாரோ பெரிய மனிதரின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மகளுக்குப் பயம் வந்துவிட்டது. "அம்மா?"

"நாளைக்குப் போன் பண்ணாத" என்றாள் ஊசியக்கா. "நீ போ."

"எவ்வளவு நாள்னு இன்னும் தெரியலயேம்மா."

"தெரியாதுதான். அதுங்களுக்கு மட்டும் தெரிஞ்சா உள்ளே போச்சு?"

கல்யாணம் நின்றதற்குப் பையனின் அம்மா ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. பையனிடம் சொன்னபோது அவன் தலையாட்டினான். அடுத்த வருடமே அவனுக்குப் பக்கத்துத் தெருவில் பெண் அமைந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுகிறாள், கடை முன்னைவிட நன்றாக நடக்கிறது. டாக்டர் வேறொரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனாள். அங்கே எலும்பு டாக்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டதாகச் சேதி. அவருக்கு முன்னமே இரண்டு பிள்ளைகள் என்று ஒரு கிளைச்சேதி. அதை உறுதி செய்ய ஆள் அகப்படவில்லை. அவளுடைய மூன்றாம் மாடியில் இப்போது பியானோ கற்றுக்கொடுக்கிறவர் குடியிருக்கிறார்; கதவைத் திறந்துவைக்காமலேயே எல்லாம் கேட்கிறது. ஊசியக்காவுக்கு மருந்து முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதும், வந்ததும் மெஷினை மிதிப்பதுமாகப் போகிறது. போன தடவை வந்த முடிவைப் பற்றி அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மகளின் பயிற்சி முடியும் தறுவாயில் புருஷனும் பெண்சாதியும் அந்த ஊருக்குப் போய்வந்தார்கள். அங்கே நடந்ததை வீட்டுக்காரர்தான் சொன்னார். அவர் இத்தனை வார்த்தை தொடர்ந்து பேசியது அதுவே முதல் தடவை. ஊருக்கு வெளியே தண்டவாளத்தை ஒட்டிய ஒரு மேட்டில் இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். பெட்டிகளில்லாத ஒற்றை எஞ்சின் வந்தது. சன்னலில் ஒரு கை தெரிந்தது. மகளுடையதா, சொல்லிக்கொடுக்கிறவருடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஊசியக்கா கையைத் தூக்கினாள். மறுபடி வளர்ந்திருந்த குட்டை முடி காற்றில் எழுந்து நின்றது. எஞ்சின் அவர்களைத் தாண்டி, விளக்கைப் போட்டுக்கொண்டு, மலையைக் குடைந்த வழிக்குள் நுழைந்தது. கடைசியில் சத்தமும் உள்ளே போனது. தண்டவாளம் மட்டும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் தூக்கிய கையை இறக்காமல், அந்தக் கருத்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.